கொழுப்பெடுத்தவள்

மார்க்கெட்டில் அவளுக்கு ‘மைக்கக்கா’ என்று பெயர். தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று ஏலம் விட்டால், கடைசி லாரிக்காரன் வரைக்கும் திரும்பிப் பார்த்தாக வேண்டும். அந்தத் தொண்டைதான் போச்சு. நிமோனியாவில் கிடந்தபோது மூச்சுக்காக விட்ட குழாய், உயிரைக் காப்பாற்றிவிட்டு குரல் நாணில் தழும்பை வைத்துவிட்டுப் போனது. அப்புறம் வாயைத் திறந்தால் வெறும் காற்று.

கோபம் மட்டும் எங்கேயும் போகவில்லை. கத்த முடியாதவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அப்பப்பா! பாத்திரத்தை நங்கென்று வைப்பாள், கதவை அறைந்து சாத்துவாள். வீட்டிலோ ஏகக் கொண்டாட்டம். “இப்பதான்டா வீடு வீடா இருக்கு” என்று புருஷன் மகனிடம் சொல்லிச் சிரித்தான், அதுவும் அவள் காதுபட. ஏலத்துக்குக் கொழுந்தன் போய் நின்றுகொண்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ புது சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளாகவேதான் கிளம்பினாள். புருஷனும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

டாக்டரம்மா விளக்கினார்: “வயித்துக் கொழுப்புலேருந்து ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, ஒரு ஜெல்லுல கலந்து, தழும்புக்குள்ள ஊசியா போடுவோம். வெறும் செல்லைப் போட்டா அங்க தங்காது. ஜெல்தான் பிடிச்சு வைக்கும். தழும்பு இளகினா நாண் அதிரும். ஆனா உறுதியா சொல்ல முடியாது. இப்ப வர்ற காத்துக் குரலும் போயிடலாம்.”

“கொழுப்புக்கு என்ன டாக்டர், இவகிட்ட வேணுங்கிற அளவு இருக்கு” என்றான் புருஷன்.

டாக்டரம்மாவும் சிரித்துத் தொலைத்தார். பிறகு அவனையே பார்த்து, “என்ன சொல்றீங்க, செஞ்சிடலாமா?” என்று கேட்டார்.

“எதுக்கு வம்பு? எங்களுக்கு இப்படியே பழகிப்போச்சு.”

எங்களுக்காம்! மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தண்ணீர் டம்ளர் உருண்டு ஓடியது. “என்னைக் கேளுங்க” என்று காற்றாகவே சொன்னாள். டாக்டரம்மா முகம் சிறுத்துப்போய், நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஊசி போட்டார்கள். மாதங்கள் ஓடின. குரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பழைய குரல் இல்லை. கரகரவென்று, நடுநடுவே உடைகிற குரல். இருந்தாலும் அவள் குரல். போன வாரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெட்டி மேல் ஏறினாள். கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான்.

புருஷன் பதறி ஓடி வந்தான். “மெதுவா, மெதுவா! திரும்பவும் தொண்டை போயிடப் போகுது!”

“போனா என் தொண்டை போகுது! உனக்கென்னய்யா வந்தது?”

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அவள் அடுத்த பெட்டிக்கு விலை கேட்டாள்.