சதுரங்கப்பட்டினம் வளைவில் ஒரு சவுக்குக் கிளை

சாலையைத் தோண்டியவர், பள்ளத்தை மூடும்வரை தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும் என்பது விதி. சதுரங்கப்பட்டினத்துக்கு முந்தைய வளைவில் அந்த விதியை ஒரு சவுக்குக் கிளை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. முழங்கால் ஆழப் பள்ளத்தில் யாரோ நட்டிருக்கிறார்கள்.

பைக்கை ஓரமாக நிறுத்துகிறேன். வேலைக்காலம் முழுதும் கோப்பு பார்த்தவன் நான். படம் இல்லாத புகாரை யாரும் படிப்பதில்லை. கிளை பள்ளத்தை மறைப்பதால் அதைப் பிடுங்கி ஓரத்தில் போட்டுவிட்டுச் செல்போனை எடுக்கிறேன்.

“யோவ் பெருசு! அத்த இன்னாத்துக்குப் புடுங்குன?” சாலையோரம் மீன் விற்கும் பெண் கத்துகிறாள். “வண்டி வந்துகினு கீது பாரு!”

வளைவில் ஒரு பைக் பாய்ந்து வருகிறது. பின்னிருக்கையில் ஒரு பெண், அவள் மடியில் குழந்தை. நான் செல்போனும் கையுமாக நிற்கிறேன். மீன்காரி ஓடிவந்து கிளையை எடுத்து, நடுச்சாலையில் நின்று ஆட்டுகிறாள். பைக் வழுக்கிக்கொண்டே வந்து பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. குழந்தை வீறிடுகிறது.

“எங்க வூட்டுக்காரு இதுல வுழுந்து கால் ஒடிஞ்சி கெடக்குறாரு. அப்பால தான் நான் இத்த நட்டேன். நீ படம் புடிக்கிறியா, படம்?”

கிளையை மறுபடி நட்டு, கல் வைத்து இறுக்குகிறாள். கிளையோடு சேர்த்தே பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு நான் ஓட்டிச் செல்கிறேன்.

வீடு திரும்பியதும், கிளை உட்பட எதையும் விடாமல் எழுதி, படத்துடன் நெடுஞ்சாலைத் துறைக்கு மனு அனுப்பினேன். பதில் ஒரே வரி: “தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் அனுமதியின்றி நடப்பட்டிருந்த கிளை அகற்றப்பட்டது.”

பதில் வந்த நாள் போகி; பழையன கழியும் நாளில் கழிந்தது கிளை மட்டும்.