பாண்டிச்சேரிக்குச் சேர்த்த லீவு

நான் துவாக்குடியில் வெல்டர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் பாண்டிச்சேரி போனோம். மறுபடி போனால் அங்கே தங்கி, ஒரு நாள் பிச்சாவரம் படகு, ஒரு நாள் மகாபலிபுரம் என்று என் மனைவி காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தாள். அதற்காக லீவு சேர்த்தேன்.

போன வருஷம், "ஓரமெல்லாம் இருட்டா தெரியுதுங்க" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டா பாண்டிக்கு ஏது? போயிட்டு வந்து பார்த்துக்கலாம்."

"சரி, மகாபலிபுரம் சிலையை ஓரக்கண்ணாலயா பாக்கப் போறேன்" என்று சிரித்தாள்.

கிளம்பும் வாரம் வாசற்படி தெரியாமல் விழுந்தாள். கண்ணில் பிரஷர், போன பார்வை திரும்பாது என்றார் தில்லை நகர் டாக்டர். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

இப்போது தினமும் வேலைக்குக் கிளம்பும்முன், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று கேட்கிறேன். சொன்னால் அன்றைக்கே லீவு போடுவேன்.

"ஒண்ணுமில்லைங்க. லீவை வீணாக்காதீங்க" என்கிறாள்.