வாய் திறக்கக் கூடாத பயிற்சியாளர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நாகர்கோவிலில் நடந்தது இது. சென்னையில் சில வருடம் கூடைப்பந்தே கதி என்று ஆடித் திரிந்தவன் நான். முழங்கால் போனதும் ஊர் திரும்பி, குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர் ஆனேன். என்னிடம் ஆடியவர்கள் எல்லாம் கடற்கரைப் பையன்கள். நாகர்கோவிலில் நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் தோற்றால் அடுத்த வருடம் முதல் கூடைப்பந்தே வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார். அது போனால் எனக்கு அங்கே என்ன வேலை?

அந்தக் காலத்தில் ஒரு விசித்திரமான விதி உண்டு. ஆட்டம் தொடங்கிவிட்டால், பயிற்சி கொடுத்தவர் வெளியிலிருந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. சைகையும் கூடாது. மீறினால் தண்டனை அணிக்கு. ஆடிய நாட்களில் இதை நான் கண்டுகொண்டதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அது என்ன சித்திரவதை என்று தெரிந்தது.

எதிரணியில் ஒரு நெட்டையன். கூடைக்கு அடியிலேயே நின்று எங்கள் பந்தையெல்லாம் தட்டிவிட்டான். 'தூரத்திலிருந்து எறியுங்கடா' என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. பந்து வெளியே போன நேரம், கேப்டன் கோட்டருகே ஓடி வந்தான்.

"சாரே, என்ன செய்யணும்?"

நடுவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அழுகையே வந்துவிட்டது.

அவன் திரும்பிப் போய், "மக்கா, சாரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. கரைவலை இழுப்போம், வாங்கலே!" என்றான்.

இதென்ன கூத்து என்று பார்த்தேன். கடற்கரையில் வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்களே, அதே மாதிரி பையன்கள் மைதானத்தின் இரு ஓரங்களுக்கும் பிரிந்தார்கள். கேப்டன் "மேக்கே இழு!" என்றால் பந்து ஒரே ஓரத்தில் கைமாறும். நெட்டையனும் அந்தப் பக்கம் நகர்வான். "கெழக்கே விடு!" என்றதும் பந்து மறு ஓரத்துக்குப் பறக்கும். அங்கே தடுக்க ஆளே இருக்காது; அந்தப் பக்கத்துப் பையன் கூடைக்கு அருகிலேயே போய்ப் போட்டுவிடுவான்.

ஜெயித்துவிட்டோம். "எத்தனை நாள் பழக்கினீர்?" என்று நடுவர் கேட்டார். எனக்கும் இப்போதுதான் தெரியும் என்றேன், அவர் நம்பவில்லை.

கேப்டனைத் தனியே கூப்பிட்டு, இது எப்படித் தோன்றியது என்று விசாரித்தேன்.

"நீங்க ஒரு சொல்லு சொல்லியிருந்தா அதத்தானே செஞ்சிருப்போம் சாரே" என்றான் சாதாரணமாக.

தூக்கிவாரிப் போட்டது. நான் சொல்ல நினைத்தபடி செய்திருந்தால், ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து அன்று அடித்த பலத்த காற்றில் தூரத்து எறி ஒன்றுகூடக் கூடை சேர்ந்திருக்காது.

பின்னாளில் அந்த விதி தளர்ந்தது. பயிற்சியாளர் பேசலாம் என்றானது. ஆனால் ஒரு பையன் திணறி என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவன் என்னதான் செய்வான் பார்ப்போமே என்ற ஆசையில், தெரிந்த பதிலைக்கூட நான் கொஞ்ச நேரம் சொல்லாமலே வைத்திருக்கிறேன்.