அப்பாவும் மூணு கதவு காடியும்

போன வாரம் என் தங்கை மகன் புதுக் கார், எங்கள் பேச்சில் காடி, வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். சின்னக் காடிதான், ஆனால் விலையைக் கேட்டால் நெஞ்சை அடைக்கும். பின்பக்கம் போய் நின்று காலை லேசாக ஆட்டினான். பின்கதவு தானாக மேலே எழும்பியது. "எப்படி இருக்கு பெரியம்மா?" என்று பெருமையாகப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. காடியைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துப் பையனுக்கு முகம் சுண்டிப்போனது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன், நான் சிரித்தது எங்கள் அப்பாவை நினைத்து.

கதவு திறந்ததும் புதுக் காடியின் பிளாஸ்டிக் வாசனை வந்ததே, அதுவும் சேர்ந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டது. எண்பதுகளில் நான் சுங்கைப்பட்டாணியில் பல் நர்ஸ். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற வேலை. என்னைக் கண்டாலே கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அப்படி ஊரெல்லாம் கெட்ட பெயர் எடுத்துச் சம்பாதித்த காசில்தான் கடன்போட்டு ஒரு காடி வாங்கினேன். ஜப்பான்காரன் செய்தது. மிளகாய்ச் சிவப்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு கதவு, பின்னால் தூக்குகிற கதவு ஒன்று. மிதித்தால் பறக்கும். என் வாழ்க்கையில் யார் யோசனையும் கேட்காமல் எனக்கே எனக்கென்று வாங்கியது அது ஒன்றுதான். அதன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பா ஒரு சுற்று சுற்றி வந்தார். "முழுக் காடிக்கு உள்ள வெலைய குடுத்திருக்க. மிச்சத்த எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டார். பெரிய காடி வாங்குகிற காசில் இத்தனூண்டு காடி வாங்க எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. ஓட்டம் நல்லா இருக்கும்பா என்றேன். நீ யாரை விரட்டிக்கொண்டு ஓடப்போகிறாய் என்றார். கல்யாணமாகாத பெண்ணுக்குச் சிவப்புக் காடி எதற்கு என்று தெருவில் நாலு பேர் கேட்டதையும் சேர்த்துச் சொன்னார். ஆனால் அவருடைய உண்மையான கோபம் வேறு.

அப்பா லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் அவர்தான் ராஜா. ஆனால் தோட்டத்து மேனேஜர் துரையோடு வெளியே போகும்போது துரை பின் சீட்டில், அப்பா முன்னால் டிரைவர் சின்னையாண்ணன் பக்கத்தில். போய்ச் சேர்ந்ததும் சின்னையாண்ணன் ஓடிவந்து துரைக்குத்தான் கதவு திறப்பார். அப்பா தானே திறந்து இறங்கிக்கொள்வார். வேலை பார்த்த காலம் முழுக்க இப்படி. ஓய்வு பெற்ற அன்றைக்கே, இனிமேல் எந்தக் காடியிலும் பின் சீட்டில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டார். நான் போய் வாங்கியதோ, பின் சீட்டுக்குக் கதவே இல்லாத காடி.

இந்த நேரம் பார்த்துச் சின்னையாண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. பழைய தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள். அப்பா தீர்மானமாகச் சொன்னார்: "சின்னையா முன்னாடி நான் பின் சீட்லருந்து மரியாதையா எறங்கணும். எறங்க முடியலேன்னா, இத வித்துட்டு நாலு கதவு காடி வாங்கிடு." என்ன காடி என்று கேட்காமலே கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். சரி என்று தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று முன் சீட்டை மடித்து அவரை உள்ளே ஏற்றியதே பெரும்பாடு. அப்பாவுக்கு நல்ல தொப்பை. தலை முதலில் போனது, தொப்பை யோசித்தது, பிறகு எல்லாம் சேர்ந்து உள்ளே விழுந்தது. அம்மா ஒல்லி. முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று நல்லா வருதுங்க என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் அப்பா இறக்குவதற்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

லூனாஸ் கோயில் மண்டப வாசலில் நிறுத்தினேன். மேளச் சத்தம் கேட்கிறது. சின்னையாண்ணன் பட்டு வேட்டியோடு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிறார். அம்மா இறங்கினாள். நான் சுற்றி வந்து, பதற்றத்தில் சீட்டை மடிக்கிற பிடியை ஓங்கி இழுத்தேன். பிடி கையோடு வந்துவிட்டது. பல்லாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். சீட்டு அசையவில்லை. நான் ஓட்டுகிற பக்கத்துச் சீட்டு முழுசாக மடங்காது. அப்பா அந்த வழியில் ஒரு காலை நீட்டிப் பார்த்தார். கால் வந்தது, தொப்பை வரவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு யோசனை. ஒருத்தர் ஐயாவை மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில் என் காடி விலை போய்விட்டது.

வேறு வழியில்லை. பின்கதவைத் தூக்கினேன். பின் சீட்டின் சாய்மானத்தில் ஒரு பாதியை மடித்துவிட்டு அந்த வழியாக வரும்படி அப்பாவிடம் சொன்னேன். முதலில் அன்பளிப்புக்கு வைத்திருந்த குத்துவிளக்கு வெளியே வந்தது. அடுத்து ஒரு வாழைத்தார். அப்புறம் அப்பாவின் சப்பாத்துக் கால்கள். அதற்கு மேல் அப்பா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதுதான் சின்னையாண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தூக்கிய கதவை ஒரு கையால் பிடித்தார், விறைப்பாக நின்றார், மற்றக் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். துரைக்குச் செய்த அதே மரியாதை. "எறங்குங்கய்யா" என்றார். அப்பா இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மேளக்காரர்களே தனக்காகத்தான் வாசிக்கிறார்கள் என்பதுபோல உள்ளே நடந்தார். சிரித்த ஆளும் வழிவிட்டார்.

திரும்பும்போது பின்னால் ஏற வழியில்லை. சின்னையாண்ணன் முன் கதவைத் திறந்து பிடித்தார். அப்பா தயங்கி நின்றார். "மறுபடியும் இதே எடந்தானாடா?" என்றார். சின்னையாண்ணன் சிரித்தார். "அந்த எடத்துல இருந்துகிட்டுத்தானேய்யா தொர காதுல விழாம அவரப் பத்தி அவ்வளவும் பேசுனோம். பின்னாடி இருந்த மனுசனுக்குப் பேச யாரு இருந்தா, பாவம்?" அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே என் பக்கமாகப் புகுந்து பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

பாதி வழியில் அப்பா, "விக்க வேணாம்லா" என்றார். பிறகு, "அந்த லோரிய வெட்டிட்டு முன்னாடி போ பாப்போம்" என்றார். அன்றைக்கு மிதித்தேன் பாருங்கள்! அம்மா பின்னாலிருந்து கும்பிடாத சாமி இல்லை.

அதற்கப்புறம் முன் சீட்டு அவருக்கென்றே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பண்டார் பாருவரை சும்மா போய்விட்டு வருவோம். பிடியைப் பழுதுபார்த்த பிறகும் அம்மாவுக்குப் பின் சீட்டுதான். என் முழங்காலை ஒடிக்கவென்றே இந்தச் சனியனை வாங்கினியா என்று வாரம் தவறாமல் என்னைத் திட்டுவாள். முன்னால் நாங்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு போவோம். பாதி அவள் காதில் விழாது.

தோட்டத்தை வெட்டிப் பாக்டரி கட்டினார்கள். சின்னையாண்ணனும் போய்ச் சேர்ந்தார். அப்பாவும் போனார். காரியமெல்லாம் முடிந்து முதல்முதலாகக் கோயிலுக்குக் கிளம்பினோம். "முன்னாடி வந்து உக்காரும்மா, காத்து வரும்" என்று கதவைத் திறந்துவிட்டேன். அம்மா தானே பிடியை இழுத்து, சீட்டை மடித்து, குனிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "போ" என்றாள். போகிற வழியெல்லாம் என் பக்கத்தில் யாரும் இல்லை. சடக்கில், ரோட்டோரம் நின்று பார்த்தவர்கள் அம்மாவைத் துரைசானி என்றும் என்னை டிரைவர் என்றும் நினைத்திருப்பார்கள். சிரிக்கலாம் என்றுதான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் காலியான அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் காடியும் இல்லை, பின்னாலிருந்து என்னைத் திட்ட அம்மாவும் இல்லை.