வாடாத பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். வீட்டுக்கு வந்தால் அடுப்படி. இதற்கு நடுவே எனக்கென்று நான் செய்துகொண்ட ஒரே காரியம், விதை வரவழைத்துக் கோன்ஃபிளவர் என்றொரு வெளிநாட்டுப் பூச்செடி வளர்த்ததுதான்.

அந்தப் பூ சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. நடுவில் முள்ளு முள்ளாக ஒரு கூம்பு, சுற்றிலும் ரோஸ் நிற இதழ்கள். விரிந்த கொஞ்ச நாளில் இதழெல்லாம் கீழே பார்த்துத் தொங்கிவிடும். அதன் அமைப்பே அப்படி. வெயில் தாங்கும், வேரில் ஈரம் நின்றால்தான் ஆகாது. அதற்காகவே வாசல் கேட்டை ஒட்டிய களிமண்ணில் மணலைக் கொட்டி நானே கிளறினேன். முதல் மொட்டு வந்த அன்று அலுவலகத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணக்கு நோட்டைத் திறந்துகொண்டேன்.

மாசியில் பூத்தது. மாமியார்தான் முதலில் பார்த்தார்.

"ஏட்டி, பூத்ததும் வாடிப்போச்சே. தண்ணி ஊத்தலையா?"

"வாடல அத்தை. அது அப்படித்தான் தொங்கும். தண்ணி மட்டும் ஊத்திராதீய."

தலையை ஆட்டினார். ஆனால் வாசலில் ஒரு செடி தொங்கி நின்றால் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் பஸ் ஏறியதும் அரிசி களைந்த தண்ணீர் அதற்குப் போனது. வீட்டுக்காரர் பல் தேய்த்துவிட்டு ஒரு வாளி ஊற்றினார். பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியே ஹோஸை நீட்டினார். எல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான். எல்லாரும் இரக்கப்பட்டுச் செய்தது, திட்டவும் வழியில்லை.

எனக்கு அப்போது வருஷக் கணக்கு முடிக்கிற வேலை. விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தண்டு கறுத்திருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேர் அழுகி நாறியது.

மாமியாருக்கு உண்மையிலேயே வருத்தம். "எம்புட்டுத் தண்ணி ஊத்துனோம், அப்படியும் போயிருச்சே" என்றார்.

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அசதிதான். அப்படியே கிடக்கலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் வந்து என்னைப் பார்த்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? எந்திரிச்சு ஒரு காப்பி போட்டுக் குடி, சரியாப் போயிரும். எனக்கும் அம்மாவுக்கும் சேத்துப் போட்டுரு."

போட்டேன். செடிக்கு ஊற்றிய தண்ணீரை வாடிப்போன எனக்கு மொண்டு கொடுத்திருந்தால், அந்தச் செடியாவது பிழைத்திருக்கும்.