உப்புக்காற்றுக்குத் தைத்த உறை

அந்த ஆளைப் பழிவாங்கத்தான் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். கேட்டவர்களிடமெல்லாம் பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்லிவைத்தேன். அது பொய்.

காரைக்காலில் அவன் அச்சகத்தில் பதினோரு வருடம் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தவள் நான். அவன் என்றுதான் எழுதுவேன். கொடுக்க வேண்டிய மரியாதையை எல்லாம் நேரில் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் பெஞ்சில் காத்திருக்கும்போது, அவர்கள் காதில் விழவேண்டும் என்றே சொல்வான்: "கொஞ்சம் பொறுங்க. நம்ம அம்மா ஆமை. இது பக்கத்தைத் தொறக்கறதுக்குள்ள மாப்ளைக்குப் புள்ள பொறந்துடும்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். சிஸ்டம் நகரமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய என்று கேட்டால், "சிஸ்டத்து மேல பழி போடாத" என்பான்.

ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "நாளையிலேர்ந்து வரவேணாம்மா, வேகமா செய்யற ஆள் பாத்துட்டேன்" என்றான். கோட்டுச்சேரி பஸ்ஸில் அழக்கூடாது என்று வழிநெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இருடா, உன் வாடிக்கையை உன் கண்ணெதிரே கொத்திக்கொண்டு போகிறேன் என்று கறுவினேன்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே அதற்கு ரெக்சினில் ஓர் உறை தைத்தேன். அச்சகத்தில் அது சட்டம். "நம்மூரு உப்புக்காத்து இரும்பையே தின்னுடும். கவர்ல கைய வச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்பான். வேலை நடக்கும்போதும் பெட்டி உறைக்குள்ளேதான் இருக்கும். சுவிட்சைத் தட்ட முன்னால் ஒரு சின்ன மடிப்பு, அவ்வளவுதான். அவனுடையதைவிட என்னுடையது ஒருபடி மேலாக இருக்கவேண்டாமா? ஒயர் போகிற ஓட்டையைக்கூட இறுக்கி, இரட்டைத் தையல் போட்டேன்.

முதல் வேலையையும் அவனிடமிருந்தே பறித்தேன். மூன்று கல்யாணத்துக்கு அவனிடம் பத்திரிகை அடித்த ஒரு வியாபாரக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவருக்கு நானே போன் போட்டேன். "நாளைக்கு அஸருக்குள்ள மாதிரி அனுப்பிடும்மா. தொழுதுட்டு வந்து சம்பந்தி வீட்டோட ஒக்காந்து பாக்கணும். நாலு மணியத் தாண்டுனா பழைய எடத்துக்கே போயிடுவேன், கோவிச்சுக்காத" என்றார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு வடிவமைப்பு மென்பொருளைப் போட ஆரம்பித்தேன். பதினொன்றுக்குப் பதினான்கு சதவீதம். பென் டிரைவ்தான் மெதுவோ என்று எல்லாவற்றையும் உள்ளே நகலெடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். நகலெடுக்கவே அரைமணி. பின்னால் ஏதோ அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது, நிறுத்தினேன். வைரஸ் தடுப்பையும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். பச்சைக்கோடு பத்தொன்பதில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மணி ஒன்றரை. சோறு இறங்கவில்லை. பெரியவர் அந்த அச்சகத்துப் படி ஏறுவதும், "எங்க போனாலும் ஆமை ஆமைதான்" என்று அவன் சொல்வதும், பெஞ்சு முழுக்கச் சிரிப்பதும் கண்ணுக்குள் ஓடின. சீ, இதற்கா இத்தனை வைராக்கியம் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விற்ற கடைக்குப் போன் செய்து கத்தினேன். அங்கிருந்த மெக்கானிக் பொறுமைசாலி.

"அக்கா, கத்தாதீங்க. பொட்டியத் தொட்டுப் பாருங்க. சுடுதா?"

உறைக்கு மேலேயே சுட்டது. உள்ளே மின்விசிறி, மிக்ஸி ஓடுவதுபோல இரைந்தது.

"சுடுது."

"மேல ஏதாச்சும் மூடியிருக்கா?"

"கவர் போட்டிருக்கேன். உப்புக்காத்து இல்ல?"

"அட போங்கக்கா! காத்து போவ வழியில்லன்னா உள்ள வெந்துடும். வெந்துடக்கூடாதுன்னு அதுவே வேகத்தைக் கொறச்சுக்கும். அமத்திட்டு, அதக் கழட்டி எறிங்க. கவரெல்லாம் வேலை முடிஞ்சி ஆறுனப்பறம் போடறது."

கழற்றினேன். ஆறவிட்டு மறுபடி போட்டேன். இருபது நிமிடத்தில் முடிந்தது.

முடிந்ததும் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். கழற்றிப் போட்ட உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடப்பாவி! பதினோரு வருடம். ஆமை நானில்லை. அவன் தைத்துப் போட்ட உறைக்குள் கம்ப்யூட்டர் வெந்துகொண்டிருந்தது, வெளியே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதே உறையை என் கையாலேயே, இன்னும் இறுக்கமாக, என் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறேன்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாதிரி போய்ச் சேர்ந்தது. "மாஷா அல்லா, அங்க இதுக்கு ரெண்டு நாளு ஆவும்" என்றார் பெரியவர். அந்த மாதமே அவன் வாடிக்கையில் இன்னும் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவன் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று நினைத்து நினைத்து ருசித்தேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. என் இடத்தில் வேலைக்கு வந்த பெண். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிறாராம், என்னைவிட மூத்தவர் என்று குரலில் தெரிந்தது.

"தங்கச்சி, நம்பர் கேட்டு வாங்குனேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க புது சாஃப்ட்வேர் போடச் சொன்னாரு. ரெண்டு நாளா பாதியிலயே நிக்குது. ஆமைங்கறாரு, வர்றவங்க முன்னாடியெல்லாம். நீங்க இதுல வேலை பாத்தவங்க. என்னா பண்றதுன்னு சொல்லுங்களேன்."

நுனிநாக்கில் இருந்தது. நாலே வார்த்தை: அந்தக் கவரைக் கழட்டிப் போடுங்கக்கா. சொன்னால் அன்றைக்கே அவன் அச்சகம் ஓட ஆரம்பித்துவிடும். வந்த மூன்று பேரும் திரும்பிப் போய்விடுவார்கள்.

"கவரை மட்டும் கழட்டிடாதீங்கக்கா" என்றேன். "நம்மூரு உப்புக்காத்து இரும்பையே தின்னுடும்."

"சரி தங்கச்சி, தொடமாட்டேன். நீங்க நல்லா இருக்கணும்" என்று வைத்துவிட்டார்.

பத்து நாளில் அவரையும் நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வாடிக்கையாளர்கள் முன்னால்தானாம். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை.