ஜெசிந்தாவின் இடமாற்றக் கடிதம்

ஜெசிந்தா போய்விட்டாள்.

இன்று விடிய, மாரடைப்பாம். கந்தோர் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன்... நாற்பத்தாறு வயது.

எல்லோரும் முகநூலில் அவள் சிரிக்கிற படத்தைப் போட்டு எழுதுகிறீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன்.

நானாட்டான் கந்தோரில், ஒரே அலுவலக அறையில் ஒன்பது வருடம் வேலை செய்தோம். நான் சீனியர். அவள் பேசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள்.

முதலில் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருப்பாள். பிறகு தலையணை ஒன்று கொண்டுவந்தாள். பிறகு கதிரையையே விட்டுவிட்டாள்... ஃபைல் அலுமாரிக்கு மேலே கொப்பியை வைத்து நின்றபடியே எழுதினாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுதான் வந்தாள்.

“இருந்தா அடியில நெருப்பு வைச்ச மாதிரி அக்கா. நிண்டாப் பரவாயில்லை.”

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு டாக்டர், யோசனை கூடிப்போச்சு என்று நித்திரைக் குளிசை கொடுத்து அனுப்பினார். நாங்கள் அவளுக்கு ‘சென்றி’ என்று பட்டம் வைத்தோம், ஆமிக்காரன் காவலுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள் என்று.

நாங்கள் இல்லை. நான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம். பேசாலையில் உள்ள கிளைக் கந்தோருக்கு இடமாற்றம் கேட்டிருந்தாள். மத்தியானத்தில் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் சரிந்து படுத்துவிட்டு வரலாம்... அவ்வளவுதான் அவள் கேட்டது.

கந்தோர் மேலதிகாரி, எங்கள் சேர், என்னைக் கூப்பிட்டு, “உண்மையா அவவுக்கு ஏலாதோ?” என்றார்.

“மடு மாதா திருவிழாவில ஒரு மணித்தியாலம் முழங்காலில நிண்டவ சேர். நான் கண்ணால கண்டனான்.”

கண்டது உண்மை. ஆனால் அவள் போனால் அவளுடைய வேலையெல்லாம் என் மேசைக்கு வரும் என்பதும் அப்போது என் மனதில் இருந்தது.

கடிதம் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு வருடம் அந்தப் பஸ்.

கடைசியில் கொழும்பில் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குத்தான் முதலில் காட்டினாள். முள்ளந்தண்டின் அடியில், வெள்ளையாக, திராட்சைப் பழம் போல மூன்று.

“தண்ணிக் கட்டியாம் அக்கா, நரம்பு வெளிக்கிடுற வேரிலயே. இருக்கேக்க அமத்துதாம். நிண்டா, முழங்கால் போட்டா அவ்வளவு இல்லையாம்.”

நான் படத்தை வாங்கி உறைக்குள் போட்டேன்.

அவள் அழுதாள். சந்தோஷத்தில். “எனக்கு விசரில்லை அக்கா, மனப்பிரமையும் இல்லை. எழுதியே தந்திட்டினம்.”

ஸ்கேனில் பார்த்துப் பார்த்து ஊசி ஏற்றித் தண்ணீரை எடுத்தார்கள். திரும்பி வந்த அன்று எங்களோடு மேசையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள்... முழுச் சாப்பாடும்.

நாலு மாதம். பிறகு கட்டிகள் திரும்ப நிரம்பிவிட்டன.

ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் நரம்பில் பட்டால் சிறுநீர் போவதே கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம் என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். குளிசை, சரிந்து படுக்கை, நிற்பது... அப்படியே சமாளித்தாள். பிறகு வேலையை விட்டாள்.

போன தவக்காலத்தில் பேசாலைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பாயிலிருந்து எழும்பித் தேத்தண்ணீர் போட்டாள். என்னை இருத்திவிட்டுத் தான் சுவரோடு நின்றாள்.

நான் வாய் திறக்க முதல் அவளே சொன்னாள். “அந்த இடமாற்றத்துக்கு நீங்கள் சேரோட எவ்வளவு கதைச்சிருப்பியள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா.”

நான் “ஓம்” என்றேன்.

தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் அவளுடைய மனுசன் அன்ரன் போன் எடுத்தார். “நாளைக்கு அடக்கத்தில கந்தோர் சார்பில நீங்கள்தான் ரெண்டு வார்த்தை கதைக்க வேணும் அக்கா. அவ எப்பவும் உங்களைத்தான் சொல்லுவா.”

ஏலாது தம்பி என்றேன். ஏன் என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அன்ரன், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாளை பூமாலையோடு வருவேன். வர வேண்டாம் என்றால் சொல்லுங்கோ, வெளியில் றோட்டில் நிற்கிறேன்.

ஜெசி... உமக்குச் சொல்லத்தான் வந்தனான். சொல்லேல்லை.

போயிட்டு வாரும்.